மாடியறையில் கேட்ட இருமல்

அந்தச் சனிக்கிழமை காலை டாலிவர் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். மாடியில் பின்னறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள் மார்வா டாலிவர். சமையலறையில் அவளுடைய அத்தை இடெல்லா. முன்னறையில் பக்கத்து வீட்டு ஹார்டென்ஸ் கிரப்ஸ். தன் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிப் போக வந்தவள், போகாமல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு அடியில், நிலவறையில், மார்வாவின் தம்பி டெக்ஸ்டர். துணி உலர்த்தும் எந்திரத்தைச் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கியவன். மாடிப்படியின் அடியில், முதுகு சாயாமல், மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு ஆம்ப்ரோஸ் டாலிவர். டப்பாவுக்குள் அத்தனை பேருடைய கைபேசிகளும் இருந்தன.

வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஊரார் ஆறாவதாக ஒரு ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு எழுபத்தாறு வயது. மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வாசற்காவலராக நின்றவர். சாட்சி சொல்பவர்களின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கப் பழகியவர். ஒஹாயோ ஆற்றின் இந்தக் கரையில் டாலிவர் என்ற பெயரை ஒருவரும் குரல் தாழ்த்திப் பேசியதில்லை என்பது அவருடைய சொத்து. வேறு சொத்து பெரிதாக இல்லை.

பத்தரை மணிக்கு மாடிக் கதவு திறந்தது. நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது.

மார்வா படியின் உச்சியில் நின்றாள். 

"பெரியப்பா, பரீட்சையை நிறுத்திட்டாங்க."

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல. ரூம்ல யாரோ எனக்கு விடை சொல்லித் தர்றாங்களாம்."

ஆம்ப்ரோஸ் எழுந்தார். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி ஏறினார். ஒரு டாலிவர் மேல் இந்த வார்த்தையைச் சொன்ன ஆளின் முகத்தை அவர் பார்த்தாக வேண்டும்.

முகம் கணினித் திரையில் இருந்தது. ஓக்டன் என்று பெயர். சின்ன வயது, கழுத்தில் டை, நல்ல மரியாதை. பரீட்சை நடத்தும் நிறுவனத்தின் மேற்பார்வையாளன். வீட்டிலிருந்து எழுதுகிறவர்களை காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை.

"சார், நான் குத்தம் சாட்டல. பதிவாகியிருக்கறதைத்தான் சொல்றேன். ஒரு பெண் குரல். கிசுகிசுன்னு, ஆனா தெளிவா. ஆரம்பத்துல நான் அறையை முழுக்கச் சுத்திக் காட்டச் சொல்லிப் பாத்தேன். யாரும் இல்ல. அதான் எனக்கும் புரியல."

"போட்டுக் காட்டுங்க."

மார்வா வெளியே போனாள். "நான் கேக்க மாட்டேன். திருட்டுப் பட்டம் கட்டிட்டு, அதுக்குப் பாட்டு வேறயா?" கதவுக்கு வெளியே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூன்று வயதுக் குழந்தைகள் அழுதால் சமாதானப்படுத்தத் தெரிந்தவள். தன்னைச் சமாதானப்படுத்தத் தெரியாது.

ஓக்டன் பதிவை ஓட்டினான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கிசுகிசுப்பு: "வலது மேல் அறை... வலது கீழ் அறை... அங்கேருந்து நுரையீரல்... நுரையீரல்லேருந்து இடது மேல் அறை..." நடுவில் ஒரு இருமல். பிறகு மறுபடி கிசுகிசுப்பு.

"இது உயிரியல் பரீட்சை, சார்," என்றான் ஓக்டன். "திங்கட்கிழமை காலைக்குள்ள விளக்கம் வரலைன்னா நான் அறிக்கை அனுப்பணும். அது கல்லூரிக்கும் போகும்."

அறிக்கை போனால் என்ன ஆகும் என்று ஆம்ப்ரோஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மார்வா ஒரு நாளும் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. அதற்கு வசதி இல்லை. ஊர்ப் பொது நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, ஒரு பாடத்துக்கு ஒரு பரீட்சை என்று எழுதித் தள்ளினாள். வேறு சில பாடங்களை இணையத்தில் மாதக் கட்டணம் கட்டிப் படித்தாள். மாதம் முடிவதற்குள் எத்தனை முடிக்கிறாளோ அத்தனை லாபம் என்று, பஃபே சாப்பாட்டில் தட்டை நிரப்புகிற மாதிரி முடித்தாள். தீயணைப்பு பற்றி இலவசமாக ஒரு பாடம் கிடைத்தது, அதையும் விடவில்லை. இப்படி அங்கங்கே பொறுக்கிச் சேர்த்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டு பட்டம் கொடுக்கிற கல்லூரி வெளிமாநிலத்தில் ஒன்று இருந்தது. பாக்கி இருந்தது உயிரியல் மட்டும்தான். அவள் இருபது வருஷமாக வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் தலைவி நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரப் பட்டம் வேண்டும். ஒரு பரீட்சையில் ஏமாற்றியவள் என்று எழுதிவிட்டால், கல்லூரி மற்றப் பரீட்சைகளையும் சந்தேகப்படும். நாற்காலி போகும். பெயரும் போகும்.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு?" என்றார் ஆம்ப்ரோஸ். "இன்னிக்கே சொல்றேன். நீங்க எங்கேயும் போயிடாதீங்க."

அறையைப் பார்த்தார். மேசை, நாற்காலி, வேறொன்றும் இல்லை. விதிப்படி சுவரில் இருந்த நாட்காட்டியைக்கூடக் கழற்றியிருந்தார்கள். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே பிப்ரவரிப் பனி, ஜன்னல் விளிம்பில் கலையாமல். கையும் மேசையும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தனி காமிரா ஒன்றை இரவல் வாங்கி, சுவரோரம் ஒரு முக்காலியில் வைத்திருந்தாள். முக்காலியின் கீழே, தரையில், கம்பிவலை போட்ட துவாரம். குளிர்காலத்தில் நிலவறை ஹீட்டரின் சூடு அதன் வழியாகத்தான் மேலே வரும். அறை ஐஸ் மாதிரி இருந்தது.

ஆம்ப்ரோஸ் கீழே இறங்கி எல்லோரையும் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டார். மார்வா கோட்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். ஹார்டென்ஸ் கிரப்ஸையும் உட்காரச் சொன்னார்.

"அவ எதுக்கு அண்ணே?" என்றாள் இடெல்லா. "குடும்ப விஷயம்."

"கோர்ட்டுல பொதுமக்கள் உட்காரவும் இடம் உண்டு. கதவைச் சாத்திட்டுப் பேசினாத்தான் வெளியில பேசுவாங்க."

ஹார்டென்ஸ் சால்வையைச் சரிசெய்துகொண்டாள். அவளுடைய மகன் முழுக் கட்டணமும் கட்டி மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். மார்வாவின் படிப்பைத் தேவாலயத்து மகளிர் கூட்டத்தில் 'தள்ளுபடிப் பட்டம்' என்று பெயர் வைத்து வழங்கியவள் அவள்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல, மிஸ்டர் டாலிவர். தள்ளுபடியில வாங்கினா தையல் பிரியத்தான் செய்யும்."

"உன் மகன் முழு விலை கொடுத்து வாங்கினானே, அதைப் போட்டுக்கிட்டு எங்க போறான்?" என்றாள் இடெல்லா. "உங்க வீட்டு சோஃபாவுக்குத்தானே?"

"இடெல்லா," என்றார் ஆம்ப்ரோஸ். மேசை அடங்கியது.

"முதல்ல நீ. மூணு மாசமா அவளுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுத்தவ நீதான். அந்த வார்த்தை எல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும். வலது அறை, இடது அறை, எல்லாம் எனக்கே மனப்பாடம். ஆனா நான் கிசுகிசுத்து நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா? நான் உப்பு கேட்டாலே தெருமுனைக்குக் கேக்கும்."

அது உண்மை. ஆம்ப்ரோஸ் தலையசைத்தார்.

"படியில நீங்கதானே உட்காந்திருந்தீங்க. உங்களைத் தாண்டி யாராவது மேல போனாங்களா? இந்தக் குளிர்ல வெரல் வெறைச்சுப் போய் மாவு பிசைஞ்சிக்கிட்டிருந்தேன். ரொட்டி மாவு உப்பவே இல்ல, பாருங்க. என் நெஞ்சு வேற இப்படி அடிச்சுக்குது." இடது மார்பில் கை வைத்துக் காட்டினாள்.

"இதயம் நடுவுலதான் அத்தை இருக்கு," என்றான் டெக்ஸ்டர். "கீழ்முனைதான் இடது பக்கம் சாஞ்சிருக்கும்."

"அடிக்கறது எனக்கு. எங்க அடிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஆம்ப்ரோஸ் டெக்ஸ்டரின் கையைப் பார்த்தார். சட்டென்று அது மேசைக்குக் கீழே போனது.

"மிஸஸ் கிரப்ஸ். நீங்க இருமுவீங்க."

"எனக்கு ஆஸ்துமா. ஊருக்கே தெரியும்."

"இப்ப இருமுங்க."

"இதென்ன கூத்து!" என்றவள், கோபத்தில் உண்மையாகவே இருமிவிட்டாள். பழைய கதவைத் தள்ளித் திறப்பது போலப் பெரிய, வறண்ட இருமல். ஆம்ப்ரோஸ் மாடியில் கேட்டது சின்னது. ஈரமானது. நெஞ்சுக்கூடே ஒரு சாண் அகலம்தான் இருக்கும் என்று தெரிகிற இருமல்.

"நீங்க இல்ல. நன்றி. டெக்ஸ்டர்."

டெக்ஸ்டர் நாற்பதை எட்டப் போகிறவன். இரண்டு முறை கல்லூரியில் சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் திரும்பியவன். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது, இதே மேசையில், "இந்த வீட்டுல இனிமே படிப்பைப் பத்திப் பேச உனக்கு வாய் கிடையாது" என்று சொன்னவர் ஆம்ப்ரோஸ். அதற்குப் பிறகு அவன் பேசியதில்லை.

"எங்க இருந்தே?"

"கீழ. டிரையர் பக்கத்துல."

"டிரையரைத் திறந்தியா?"

"திறக்கல."

"அப்ப என்ன பண்ணே?"

"சும்மா... ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அணைஞ்ச ஹீட்டர் பக்கத்துலயா? குளிருக்கு அடக்கமா?"

டெக்ஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். ஹார்டென்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்காவைப் பார்த்து வயிறெரிஞ்சிருப்பான்," என்றாள் மெதுவாக. "தனக்குக் கிடைக்காதது அவளுக்கு எதுக்குன்னு."

"வாயை மூடு ஹார்டென்ஸ்!" இடெல்லாவின் குரலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

ஆம்ப்ரோஸுக்கும் அந்த எண்ணம் வந்தது. அதை ஒதுக்கிவிட அவருக்கு நேரம் பிடித்தது. சொந்தத் தம்பி மகன் சொந்த அக்காவைக் கெடுத்தான் என்றால், பரீட்சையில் ஏமாற்றியதைவிட அது பெரிய களங்கம். ஆனால் வயிறெரிகிறவன் தலையைக் குனிய மாட்டான். நிமிர்ந்து சண்டைக்கு வருவான். இவன் கையை மறைப்பது வேறு எதற்கோ.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இருமலை மறுபடி மனதுக்குள் கேட்டார். அது குழந்தையின் இருமல். வீட்டில் குழந்தை இல்லை. அப்படியென்றால் கேட்டது அங்கே, அப்போது பேசிய பேச்சே இல்லை. எப்போதோ, எங்கேயோ பேசியது. கிசுகிசுக்கிறவர்கள் யார்? திருடன். ஜெபம் செய்கிறவன். தூங்கும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அவர் கண்ணைத் திறந்தார்.

"மார்வா. வேலைக்குப் போறப்ப கார்ல பாடம் கேப்பியே, எதுல?"

"கேசட்லதான் பெரியப்பா. அந்தப் பழைய ப்யூக் கார்ல வேற எதுவும் ஓடாது. நானே படிச்சுப் பதிஞ்சுக்குவேன்."

"எங்க வச்சுப் பதிவே? எப்ப?"

"காப்பகத்துலதான். அங்க தாலாட்டுப் போடறதுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கு. மத்தியானம் பிள்ளைங்க தூங்குறப்ப..." அவள் நிறுத்தினாள். கோட்டு தோளிலிருந்து நழுவியது.

"தூங்குற பிள்ளைங்க நடுவுல உக்காந்து சத்தமாவா படிப்பே?"

"எப்படிப் படிக்க முடியும்? எழுந்துக்குவாங்களே. கிசுகிசுன்னுதான்..."

"கிசுகிசுத்தா யார் குரலும் யாருடையதுன்னு தெரியாது. சொந்தக்காரியே கேட்டாலும் தெரியாது. நீ கேக்கவும் மாட்டேன்னுட்டே." ஆம்ப்ரோஸ் திரும்பினார். "டெக்ஸ்டர். வியாழக்கிழமை அக்கா காருக்கு எண்ணெய் மாத்தறேன்னு சாவி வாங்கினியே. எண்ணெயை மட்டுமா மாத்தினே?"

டெக்ஸ்டர் எழுந்து நிலவறைக்குப் போனான். திரும்பியபோது கையில் ஒரு பழைய கேசட் பிளேயர், மின்கம்பி தரையில் இழுபட. அதற்குள் 'இதயமும் ரத்த ஓட்டமும்' என்று மார்வாவின் கையெழுத்தில் ஒரு கேசட்.

"கீழ ஒரே ஒரு பிளக்தான் இருக்கு. ஹீட்டர் பக்கத்துல. கிசுகிசுன்னு இருக்கறதால சத்தத்தைக் கூட்டி வச்சேன். மேல கேக்கும்னு சத்தியமா தெரியாது, அக்கா. நான் கீழ தினமும் கேப்பேன். ஒரு நாளும் யாருக்கும் கேட்டதில்ல."

"நீ எதுக்குடா இதைக் கேக்கறே?" என்றாள் மார்வா.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தான்.

"நானும் எழுதறேன். நூலகத்துல பதிவு பண்ணி, அங்க போய் எழுதறேன். அக்கா கேட்டு முடிச்ச கேசட்டை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து..."

 ஹார்டென்ஸ் முன்னால் இழுத்த நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"எத்தனை?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"மூணு பாஸ் பண்ணிட்டேன், பெரியப்பா."

ஆம்ப்ரோஸ் மேசைவிரிப்பின் ஒரு மடிப்பைக் கட்டைவிரலால் நெடுநேரம் நீவினார். பிறகு கேட்டார்.

"நாலாவது எப்போ?"

"மார்ச்சுல. உயிரியல்."

"நல்லது. இப்ப இதை எடுத்துக்கிட்டுக் கீழ போ. நான் மேல தட்டினதும் போடு."

மறுபடி மாடிக்குப் போனார்கள். இந்த முறை மார்வா, இடெல்லா, ஹார்டென்ஸ் எல்லோரும். ஓக்டன் திரையில் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

"நீங்க காமிராவுல பாருங்க," என்றார் ஆம்ப்ரோஸ். "இந்த அறையில எங்க எல்லார் வாயும் மூடியிருக்கு. எண்ணிக்கோங்க." முக்காலியை அது இருந்த இடத்திலேயே விட்டார். காலால் தரையை இரண்டு முறை தட்டினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கம்பிவலைக்குள்ளிருந்து, தகரக் குழாயின் வழியே, கிணற்றிலிருந்து எழுவது போல வந்தது: "வலது மேல் அறை... வலது கீழ் அறை..." இருமல். மறுபடி கிசுகிசுப்பு.

ஓக்டன் தன் பதிவையும் பக்கத்திலேயே ஓட்டினான். அதே வார்த்தை, அதே இடத்தில் அதே இருமல்.

"ஐயோ, நம்ம ஆர்லோ!" என்றாள் மார்வா. "காப்பகத்துல எனக்குப் பக்கத்துக் கட்டில்லதான் தூங்குவான். நவம்பர் பூரா சளி அவனுக்கு." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உங்களுக்கு அப்ப கேக்கலையா மேடம்?" என்றான் ஓக்டன்.

"தம்பி, நான் இருபது வருஷமா பன்னெண்டு பிள்ளைங்க நடுவுல சாப்பிட்டு, கணக்கு எழுதி, பாடம் படிச்சவ. காதுல விழறதை எல்லாம் உள்ள விட்டா நான் என்னைக்கோ பைத்தியமாயிருப்பேன். ரத்தமோ அழுகையோ இல்லாத சத்தம் எனக்குக் கேக்காது."

ஓக்டன் குறித்துக்கொண்டான். பிறகு பேனாவை நிறுத்தினான்.

"ஒரே ஒரு விஷயம், சார். இவங்க இதே அறையில இதுக்கு முன்னாடியும் எழுதியிருக்காங்க. தம்பி தினமும் கேக்கறாருன்னு சொல்றீங்க. அப்பல்லாம் வராத சத்தம் இன்னிக்கு மட்டும் எப்படி வந்தது? அதுக்குப் பதில் இல்லாம என் மேலதிகாரி ஒத்துக்க மாட்டார்."

ஆம்ப்ரோஸ் கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்தார். அது போட்டுத்தான் இருந்தது. பின்னால் ஹார்டென்ஸின் சால்வை சரசரத்தது. சமையலறையில் ரொட்டி மாவு உப்பாத செய்தியிலேயே விடை இருந்தது. அவர் அதைப் படி ஏறும்போதே கண்டுபிடித்துவிட்டார். சொல்லாமல் விட வழி இருக்கிறதா என்று படி முழுக்க யோசித்தும் பார்த்தார்.

"ஹீட்டர்," என்றார். "அது ஓடறப்ப உறுமும். குழாய் பூரா காத்து நிறைஞ்சு ஓடும். அந்த இரைச்சல்ல ஒரு பேச்சும் மேல வராது. இன்னிக்கு அது ஓடல. ஓடாத ஹீட்டரோட குழாய், பேசற குழாய்தான். கடைசிப் பரீட்சை, ஒரு சின்னச் சத்தம்கூட அவளைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு, காலையில அதை அணைச்சாங்க."

"யார் அணைச்சாங்க சார்?"

"எழுதிக்கோங்க. ஆம்ப்ரோஸ் டாலிவர். இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன். போனையெல்லாம் பிடுங்கி வச்சதும் நான்தான். போன் இருந்திருந்தா பையன் அதைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், கேசட்டைத் தொட்டிருக்க மாட்டான். உங்க அறிக்கையில குத்தவாளின்னு ஒரு பேர் வேணும்னா என் பேரைப் போடுங்க. எழுத்துப் பிழை இல்லாம போடுங்க."

ஓக்டனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "குத்தவாளி தேவையில்ல சார். விபத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போடறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி எழுதட்டும். கட்டணம் வேண்டாம்."

இடெல்லா படியிறங்கிப் போய் முதல் காரியமாக ஹீட்டரைப் போட்டாள். வீடு உறுமியது. பெரியப்பா அப்படியே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து மார்வா பக்கத்தில் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தேவாலயத்துக்குப் போகும்போது பிடிப்பாளே, அதே மாதிரி.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா பெரியப்பா, ஹார்டென்ஸ் முன்னாடி சொல்றதுக்கு?"

"இருந்துச்சு," என்றார் ஆம்ப்ரோஸ். "நீ போய் அந்த இலை, வேர் எல்லாம் இன்னொரு தடவை படி. டெக்ஸ்டரைக் கேள்வி கேக்கச் சொல்லு. மேசையில உக்காந்து, சத்தமா."

அடுத்த சனிக்கிழமை ஹீட்டர் உறுமிக்கொண்டிருக்க, மார்வா எழுதித் தேறினாள். வசந்தத்தில் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்ச்சில் டெக்ஸ்டரை நூலகத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவர் ஆம்ப்ரோஸ்; வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், டப்பா இல்லாமல்.

ஊர் மட்டும் திருந்தவில்லை. டாலிவர்கள் பரீட்சை அறையில் திரைக்குப் பின்னால் ஒரு குழந்தையை ஒளித்து வைத்து விடை சொல்ல வைத்தார்கள் என்று இன்றும் தேவாலயத்துப் பின்வரிசையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். அந்த அறைக்குத் திரையே கிடையாது. அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஹார்டென்ஸ் கிரப்ஸும் ஒருத்தி. குழந்தை ஆர்லோ அன்று வேறு தெருவில், தன் வீட்டில், தன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு விடை எதுவும் தெரியாது. இருமல் டிசம்பரிலேயே சரியாகிவிட்டது.